பெருங்காயம் சேராத வீடு

எந்த ஊரில் போய் இறங்கினாலும் ஹோட்டலில் நான் முதலில் பார்ப்பது தோசைக்கல்லைத்தான். ஒரே கல்லில் புரோட்டாவும் தோசையும் வேகிறதென்றால் அங்கே எனக்குத் தோசை கிடையாது. எண்ணெய்ச் சட்டியில் சமோசா மிதந்தால், அதே எண்ணெயில் பொரித்த நேந்திரங்காய் வறுவலும் கிடையாது. வெள்ளைச் சோறு, தயிர், அவித்த முட்டை, பழம். இவ்வளவு கிடைத்தால் நாள் ஓடிவிடும். லாரியில் கிளீனராக இருந்தபோதும், கட்டட வேலையில் கலவை சுமந்தபோதும், விழிஞ்ஞத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்தபோதும் இதைத்தான் தின்றேன். கோதுமை எனக்கு ஆகாது என்று நாலு பாஷையில் சொல்லத் தெரியும். அதற்கு மேல் அந்தப் பாஷைகளில் இரண்டு எனக்குத் தெரியாது.

கோதுமை ஆகாது என்றால் ஆட்கள் புரிந்துகொள்கிறார்கள். சாம்பாரும் ரசமும் வேண்டாம் என்றால்தான் பரிமாறுகிறவன் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்வான். பருப்பும் புளியும் இவனை என்ன செய்யும் என்று அவனுக்கு. நான் பதில் சொல்வதில்லை. சொல்லத் தொடங்கினால் மாமாவில் போய் நிற்கும்.

திருவனந்தபுரத்தில் மணக்காட்டுப் பக்கம் ஒரு வரிசை வீட்டில் நாங்கள் குடியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுப்படி. தண்ணீர்க்குழாய் எட்டு வீட்டுக்கும் பொது. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடையில் கம்பி எடை போட்டு வண்டியில் ஏற்றுகிற வேலை பார்த்தார். அம்மா இரண்டு வீடுகளில் பாத்திரம் தேய்த்தாள். அம்மாவின் தம்பி, என் மாமா, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டராக இருந்தார். தங்கியது எங்களோடுதான். மாலை நாலு மணிக்கு வேலைக்குப் போய் இரவு திரும்பும்போது தோள், கை, புருவம் எல்லாம் மாவாக இருக்கும். பக்கத்து வீட்டுச் சேச்சி அவரைப் பவுடர் மாமன் என்று கூப்பிடுவாள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பார்க்கிறவர்கள் ஆறு என்பார்கள். கையும் காலும் குச்சி; வயிறு மட்டும் பானை. தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. மூன்றாம் வகுப்பில் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைவிடக் கக்கூசில் உட்கார்ந்திருந்ததுதான் அதிகம். என் படிப்பு அப்போதே கழன்றுகொள்ளத் தொடங்கிவிட்டது. பிற்பாடு முழுசாகக் கழன்றது. பூச்சி மருந்து கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கடைசியில் பெரிய ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்து, வாய் வழியாகக் குழாய் விட்டுக் குடலில் ஒரு துணுக்குக் கிள்ளிப் பார்த்து, சீலியாக் என்று ஒரு பெயர் சொன்னார்கள். கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் இருக்கும் பசைச்சத்து என் குடலை அரிக்கிறதாம். மருந்து கிடையாது. அதைத் தின்னாமல் இருப்பதுதான் மருந்து.

டாக்டர் அம்மா சிரித்த முகம். "வடக்கே உள்ளவர்க்கா இது புத்திமுட்டு. நமக்குச் சோறு உண்டல்லோ" என்றார். சோறு தின்கிற நமக்கு இது பெரிய கஷ்டமில்லை என்று அர்த்தம். அப்பா வெளியே வந்து, "வடக்க உள்ளவன் சீக்கு நம்ம வீட்டு அட்ரஸ எப்படில கண்டுபிடிச்சுது?" என்று கேட்டார். அந்த வருஷம் அவர் செய்த ஒரே வேடிக்கைப் பேச்சு அதுதான்.

உணவுப் பட்டியல் ஒன்றைத் தந்தார்கள். மலையாளத்தில் அச்சடித்தது. வீட்டில் மலையாளம் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே எனக்கு ஆகாததையெல்லாம் நானே சத்தமாக வாசித்துக் காட்டினேன். கோதுமை, மைதா, ரவை, சேமியா, ரொட்டி, பிஸ்கட், பப்ஸ், மால்ட் கலந்த பால்பொடி. ஆகக்கூடியது அரிசி, கேழ்வரகு, சோளம், மரச்சீனிக் கிழங்கு, பருப்பு, பழம், மீன், முட்டை. கடைசி வரியில், கடையில் வாங்கும் கூட்டுப் பொடிகளில் மாவு கலந்திருக்கலாம், கவனம் என்று இருந்தது. அம்மா அன்றோடு சாம்பார்ப் பொடியும் மசாலாப் பொடியும் வாங்குவதை நிறுத்தினாள். மல்லியும் மிளகாயும் வறுத்து வீட்டிலேயே இடித்தாள். மாவு மில்லில் கோதுமைக்குப் பின்னால் அரிசி அரைக்கிறார்கள் என்று புட்டு மாவையும் உரலில் இடித்தாள். எனக்குத் தனிச் சட்டி, தனிக் கரண்டி, தனித் தட்டு.

நான் வாசித்து முடித்ததும் அப்பா எழுந்து சாமி படத்துக்கு முன்னால் சூடம் ஏற்றினார். எங்கள் ஆட்களிடம் சூடத்தை ஏற்றி, அதைக் கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். பிறகு சொன்னவனே நினைத்தாலும் மாற்ற முடியாது. "எந்தக் கை இவனுக்கு அந்த மாவக் குடுக்கோ, அந்தக் கை இந்த வீட்ல சோறு திங்கக் கூடாது. அது யார் கையா இருந்தாலும் சரி" என்று சொல்லிவிட்டு அணைத்தார். சொல்லும்போது மாமாவைப் பார்த்தார்.

காரணம் இருந்தது. நோயின் பேர் தெரியாத காலத்தில் மாமா வாரம் ஒரு முறையாவது வாழையிலையில் புரோட்டா கட்டிக்கொண்டு வருவார். பிய்த்துப் பிய்த்து ஊட்டுவார். இரண்டு நாள் கழித்து எனக்கு வயிற்றால் போகும். ஒன்றையும் ஒன்றையும் யாரும் சேர்த்துப் பார்த்ததில்லை.

அன்றிலிருந்து மாமா வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குள் நுழைவதில்லை. பொதுக்குழாயில் தலையோடு குளித்து, சட்டையை வெளியிலேயே அலசிப் போட்டு, இடுப்பில் வேறு சாரம் கட்டிக்கொண்டுதான் வாசலைத் தாண்டுவார். "எந்தாடே, தெனமும் சாவு வீட்டுக்கா போயிட்டு வாற?" என்று சேச்சி கேட்பாள். அடுப்படிக்குள் அவர் காலே வைப்பதில்லை. என் தலையைத் தடவுவதற்கு முன் கையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

சனிக்கிழமை சாயங்காலம் கடை எடுத்து வைக்கிற நேரத்தில் அப்பா என்னைக் கடைக்கு வரச் சொல்வார். இரும்பு எடை போடுகிற மேடையில் ஏற்றி நிறுத்துவார். சிவப்பு எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும். பதினேழு கிலோ நானூறு. அடுத்த வாரமும் பதினேழு நானூறு. ஒரு வாரம் பதினேழரை வந்தபோது அப்பா எனக்குக் கடலைமிட்டாய் வாங்கித் தந்தார். மறுவாரம் பதினேழு முந்நூறு. எண்கள் நிற்கிற வரைக்கும் நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வேன். மூச்சுக்கும் எடை இருக்கும் என்று நினைத்தேன்.

வயிறு வற்றவில்லை. அம்மா தினமும் அதைத் தட்டிப் பார்ப்பாள். உள்ளே காற்று அடைத்திருக்கிறது என்பது அவள் முடிவு. காற்றுக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்து, பெருங்காயம். சாலைக் கடைத்தெருவிலிருந்து கட்டிப் பெருங்காயம் வாங்கி ஒரு தகர டப்பாவில் வைத்திருந்தாள். புளியங்கொட்டை அளவு கிள்ளி மோரில் கரைத்து மூன்று வேளை கொடுப்பாள். வயிறு கல்லாக இருந்த நாட்களில் நாலு வேளை. குடிக்க மாட்டேன் என்று வாயை மூடினால் மூக்கைப் பிடித்து ஊற்றுவாள். குடித்து முடித்ததும் முந்தானையால் வாயைத் துடைத்துவிட்டு, "நாளைக்கு எறங்கிரும்" என்பாள்.

இரண்டாவது முறை இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது. நோயைக் காட்டுகிற எண் இறங்கவே இல்லை. இந்தத் தடவை டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. வீட்டில் யாரோ கொடுக்கிறார்கள், அல்லது இவனே திருடித் தின்கிறான், கண்டுபிடியுங்கள், இப்படியே போனால் பையன் தாங்க மாட்டான் என்று தெளிவாகச் சொன்னார். மறுபடி குழாய் விட வேண்டி வரும் என்றும் சொன்னார். எனக்கு அது மட்டும்தான் காதில் விழுந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என் புத்தகப் பையைக் கவிழ்த்துக் கொட்டினார். பென்சில் டப்பாவை முகர்ந்தார். என் வாயைத் திறக்கச் சொல்லி விரல் விட்டுப் பார்த்தார்.

"யாருல குடுக்கா?"

"யாரும் தரலப்பா."

"பள்ளிக்கூடத்துல?"

"இல்லப்பா."

"அம்மை பிஸ்கட்டு தாறாளா? நீ அழுதா அவ மனசு எளகிரும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. அப்பா அந்தப் பக்கம் திரும்பாமலே, "சனிக்கெழமைக்குள்ள எனக்குத் தெரிஞ்சாவணும்" என்றார். "தெரியலன்னா அடுப்பு யார் கையில இருக்கோ அவ கைதான்னு முடிவு பண்ணிருவேன். சூடம் அணைச்சிருக்கு."

புதன்கிழமை அம்மா எதுவும் சாப்பிடவில்லை. என் தட்டைச் சாம்பல் போட்டு இரண்டு முறை தேய்த்தாள், பிறகு மூன்றாம் முறையும் தேய்த்தாள். அன்று எனக்குப் பெருங்காய மோர் நாலு வேளை.

அந்த வாரம் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. வியாழக்கிழமை மதியம் மாமா வீட்டில் இருந்தார். அம்மா வேலைக்குக் கிளம்பும்போது மோரை மூடி வைத்துவிட்டு, "ஏலே, மூணு மணிக்குக் காயம் கிள்ளிக் கரைச்சு இவனுக்குக் குடு. கொறச்சுப் போட்டுறாத" என்று சொல்லிவிட்டுப் போனாள். மாமா தயங்கினார். சோப்புப் போட்டு இரண்டு முறை கையைக் கழுவினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அடுப்படிக்குள் போனார். டப்பாவைத் திறந்து ஒரு துண்டு கிள்ளினார்.

கிள்ளிய விரல்கள் அப்படியே நின்றுவிட்டன.

அதைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாக உருட்டினார். நசுக்கினார். இழுத்தார். வாசனையைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டும் எதையோ கேட்பது போல நின்றார். தினமும் ஒரு சாக்கு மாவு உருட்டிய விரல்கள் அவை.

"என்ன மாமா?"

"சும்மா இருடே."

ஒரு நெல்லிக்காய் அளவு உடைத்துக் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீருக்குள்ளேயே வைத்துப் பிசைந்தார். தண்ணீர் பாலாக வெளுத்தது. அதைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீர் விட்டார். மறுபடியும் வெளுத்தது. நாலைந்து முறை அப்படிச் செய்த பிறகு அவர் உள்ளங்கையில் மென்ற சுவிங்கம் போல ஒரு துண்டு மிஞ்சியது. இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார். அறுந்துவிடாமல் ரப்பர் மாதிரி வந்தது. பச்சைக் கோதுமையை மென்று துப்பாமல் வைத்திருந்தால் வாயில் இப்படித்தான் ஒன்று மிஞ்சும். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்திருக்கிறோம்.

மாமா மோரை எனக்குத் தரவில்லை. ஒரே மடக்கில் அவரே குடித்துவிட்டுக் காலி தம்ளரை எப்போதும் வைக்கிற இடத்தில் கவிழ்த்து வைத்தார். "சட்டையப் போடு" என்றார்.

சாலைக் கடைத்தெருவில் அம்மா வாடிக்கையாக வாங்குகிற கடை எனக்குத் தெரியும். மிளகு, ஏலம், பெருங்காயம் மொத்தமாக விற்கிற கடை. திருநெல்வேலிக்கார அண்ணாச்சி. மாமா டப்பாவைத் திறந்து காட்டினார்.

"அண்ணாச்சி, இதுல என்னெல்லாம் சேர்ப்பாவ?"

"ஏன், வாசம் கொறவா இருக்கா?"

"வாசம் இருக்கு. மாவு உண்டா?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாவு இல்லாம காயம் எப்படிடே நிக்கும்? பச்சக் காயத்த நாக்குல வச்சா நாக்கு பொத்துரும். பிசினும் கோதும மாவும் கூட்டித்தான் கட்டி பண்ணுவாவ. ஒண்ணு ரெண்டு பேரு அரிசி மாவு போடுவாவ. இது கோதுமதான்." பிறகு மாமாவின் முழங்கையில் இருந்த பழைய சூட்டுத் தழும்புகளைப் பார்த்துத் தொழிலைத் தெரிந்துகொண்டு, "மாஸ்டருக்கு என்னத்துக்கு இந்த ஆராய்ச்சி? காயப் புரோட்டா போடப் போறியா?" என்று கேட்டார்.

மாமா சிரிக்கவில்லை. எனக்கோ குதிக்க வேண்டும் போல இருந்தது. கண்டுபிடித்தாகிவிட்டது. நானும் திருடவில்லை, யாரும் தரவுமில்லை. இரும்புக் கடை அங்கிருந்து இரண்டு சந்து தள்ளித்தான். "அப்பாட்ட போயிச் சொல்லுவோம் மாமா" என்று நான் ஓடத் தொடங்கியபோது அவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். வலித்தது. வாழைத்தார்கள் சாய்த்து வைத்திருந்த ஒரு சுவரோரம் என்னை நிறுத்திக் குந்தி உட்கார்ந்தார்.

"தெனமும் எத்தன தடவ குடுக்கா?"

"மூணு. நேத்து நாலு."

துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு எங்களை உரசிப் போனது. அவர் நகரவில்லை.

"அம்மைட்ட இதச் சொன்னா என்ன ஆவும்?"

"சந்தோசப்படும்" என்றேன்.

"மருமவனே, இத யார்ட்டயும் சொல்லப்பிடாது. அப்பாட்டயும் சொல்லப்பிடாது. அம்மைட்ட சாவுற வரைக்கும் சொல்லப்பிடாது. தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு." அவர் தலையிலா என் தலையிலா என்று கேட்டேன். அவர் தன் தலையைக் குனிந்து காட்டினார்.

வெள்ளிக்கிழமையும் மோரை மாமாதான் கலக்கினார். அக்கா, நீ போ, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மூன்று வேளையும் அவரே வாங்கிக்கொண்டார். எனக்கு வெறும் மோர் வந்தது. நான் முகத்தைச் சுளித்துக் குடித்துக் காட்டினேன். அம்மா வாயைத் துடைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மேடையில் பதினேழு நூறு வந்தது. இரண்டு நாளில் உடம்பு தேறிவிடுமா என்ன? அது அப்பாவுக்குத் தெரியாது. அவர் என்னை இறங்கச் சொல்லிவிட்டு, வெறும் மேடையில் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது. வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தார்.

வீட்டுக்குள் போனதும் கொடியில் கிடந்த அம்மாவின் சேலைகளை உருவி ஒரு பையில் திணிக்க ஆரம்பித்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு அவ்வளவு பயம் வந்திருக்காது.

"காலைல மொத பஸ்ஸு. ஊர்ல போயி இரு."

"எம் பிள்ளைக்கு நானா குடுப்பேன்?" அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள். "எங்கையால நானா குடுப்பேன்? அவன் தட்டக்கூட வேற யாரயும் தொட விடலயே."

"அதத்தான் நானும் சொல்லுதேன். ஒன்னத் தவுர யாரும் தொடல."

மாமா வாசலில் நின்றிருந்தார். அன்று வேலைக்குப் போகவில்லை. குளிக்க வேண்டிய தேவையே இல்லாமல் குளித்திருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அத்தான், அக்கா இல்ல. நாந்தான்."

அப்பா திரும்பினார்.

"பிள்ள ஆசப்பட்டுக் கேட்டான். கடையிலருந்து பொட்டலம் கெட்டிக் கொண்டாந்து குடுத்தேன். சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வாற வழியில."

அப்பா என்னிடம் வந்து என் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினார். "மாமன் குடுத்தானா?"

நான் செய்திருந்த சத்தியம் பெருங்காயத்தைப் பற்றியது மட்டும்தான். இதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று மாமா எனக்குச் சொல்லித் தந்திருக்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அது எதையும் சொல்லவில்லை. அப்பாவின் தோளுக்குப் பின்னால் பையிலிருந்து அம்மாவின் பச்சைச் சேலை பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன்.

அறை விழுந்த சத்தத்தில் சேச்சி வீட்டு ரேடியோ நின்றது. மாமா கன்னத்தைத் தடவவில்லை. இரண்டாவது அறைக்கும் அப்படியே நின்றார். அப்பாவுக்கு அதற்கு மேல் கை ஓங்க வரவில்லை. சேலைப் பையைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அம்மா வந்தாள். அவள் செய்ததற்கு முன்னால் அப்பா அடித்தது ஒன்றுமில்லை. அவள் தம்பியின் சட்டையைப் பிடித்து உலுக்கிக்கொண்டே, "எம் பிள்ளையக் கொல்லப் பாத்தியே, பாவி. ராவும் பகலும் நான் அவன் வயித்தத் தடவிக்கிட்டுக் கெடந்தேனே, பாத்துட்டுத்தான இருந்த" என்று கேட்டுக் கேட்டு அழுதாள். மாமா அவளுக்குப் பதிலாக வேறொன்று சொன்னார்.

"அக்கா, அம்மன் கோயில்ல நேர்ந்திருக்கேன். இந்த வீட்ல இனிமே காயம் சேர்க்கப்பிடாது. மருந்துக்கும் கூடாது. பிள்ள வெளிய எங்கயும் சாம்பாரு ரசம் குடிக்கப்பிடாது, அதுலயும் காயம் உண்டும்லா. ஆயுசுக்கும்."

"நீ செஞ்ச பாவத்துக்கு நீ நேர்ந்தத நாங்க செய்யணுமோ?"

"எம் பேர்ல நேரல. பிள்ள பேர்ல நேர்ந்திருக்கேன்."

அப்பா தலையைத் தூக்கி, சாமிக்கும் காயத்துக்கும் என்னடா பகை என்றார். காசிக்குப் போகிறவன் பிடித்த காயைக் கங்கையில் விட்டுவிட்டு வருகிறானில்லையா, அது மாதிரி என்றார் மாமா. முன்கூட்டியே யோசித்து வைத்திருந்திருக்கிறார். அம்மா அடுப்படிக்குள் போய்த் தகர டப்பாவை எடுத்து வந்து அவர் மேல் எறிந்தாள். "இதயும் கொண்டு போ. இனி இந்த வாசல மிதிக்காத." நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்து மூடி திறந்துகொண்டது. மாமா குனிந்து, சிதறிய துணுக்குகளை ஒன்று விடாமல் பொறுக்கினார். கட்டிலுக்கு அடியில் உருண்டதைக்கூடக் கைவிட்டுத் துழாவி எடுத்தார். டப்பாவைத் தன் பையில் போட்டுக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பிப் போனார்.

அம்மா இன்றுவரை வீட்டில் பெருங்காயம் சேர்க்கவில்லை. வயிறு ஒரு மாதத்தில் வற்றத் தொடங்கியது. அடுத்த இரத்தப் பரிசோதனையில் எண் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. டாக்டர் அம்மா, ஆளைக் கண்டுபிடித்தீர்கள் அல்லவா என்றார். அப்பா, கண்டுபிடித்து விரட்டிவிட்டேன் என்றார். அம்மா அம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைத்தாள். எல்லாரிடமும் ஒரு விளக்கம் இருந்தது. உண்மையான விளக்கம் என்னிடம் இருந்தது, அதை நான் வாயில் வைத்துக்கொண்டு திரிந்தேன். தெரியாமல் செய்ததுதானே, மாவுதான் காரணம் என்று சொல்லியிருந்தால் அப்பா அம்மாவை விட்டிருப்பாரே என்று நினைப்பேன். சூடம் அணைத்திருந்தாலும் அப்பா விட்டிருப்பார். அம்மா தன்னை விட்டிருக்க மாட்டாள். அது எனக்கு அப்போது தெரியாது. அவளும் மாமாவும் இப்போது கல்யாணம் கருமாதியில் பார்த்தால் இரண்டு வார்த்தை பேசுவதோடு சரி. இதை எழுதும்போதுகூட, அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

மறுவருஷம் பள்ளிக்கூடத்திலிருந்து பொன்முடிக்கு வேனில் கூட்டிப் போனார்கள். மலையடிவாரத்தில் கல்லாறு என்ற இடத்தில் சாயாவுக்கு நிறுத்தினார்கள். என்னிடம் அம்மா கட்டித் தந்த மரச்சீனியும் சம்மந்தித் துவையலும் தனிப் பாத்திரத்தில் இருந்தது. மற்றவர்கள் கடைக்கு ஓடினார்கள். நான் வேனில் இருந்தபடியே பார்த்தேன். கடையின் முன்பக்கம், கல்லுக்குப் பின்னால், ஒருவர் மாவை வீசிக்கொண்டிருந்தார். வீசும்போது தலையை ஒரு பக்கம் சாய்க்கிற விதத்தைப் பார்த்ததும் நான் இறங்கி ஓடினேன்.

"மாமா!"

அவர் திரும்பினார். முகம் ஒரு கணம் அப்படியே மலர்ந்தது. நான் இன்னும் நாலடி வைத்திருந்தால் இடுப்பைக் கட்டிக்கொண்டிருப்பேன். அதற்குள் அவர் பின்னால் நகர்ந்து, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஏலே, கிட்ட வராத! அங்கேயே நில்லு!" என்று கத்தினார். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் கூடப் படிக்கிற பையன்களும் பார்த்தார்கள். நான் ரோட்டிலேயே நின்றேன்.

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். வயிற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எத்தன கிலோ?"

"இருபத்தொண்ணு."

தலையை ஆட்டிக்கொண்டார். வேன் ஹாரன் அடித்தது. அவர் திரும்பி நின்று அடுத்த உருண்டையை எடுத்து ஓங்கிக் கல்லில் அடித்தார்.

அன்று மலைக்கு மேல் போகும் வழியெல்லாம், அப்பாவிடம் நான் "ஆமா" என்று சொன்னதை மாமா மன்னிக்கவில்லை, அதனால்தான் என்னைத் தொடக்கூட மாட்டேன் என்கிறார் என்று நினைத்தேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் கைகள் முழங்கை வரைக்கும் வெள்ளையாக இருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.